கார்பன் ஃபைபர் சூப்பர்கெபாசிட்டர், சார்ஜே நிக்கல! அவசரம்

கடைசிபெஞ்ச்:
ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு சூப்பர்கெபாசிட்டர், அதாவது சட்டுன்னு சார்ஜ் ஏத்தி இறக்குற மின்சேமிப்பு சாதனம். கார்பன் துணி ரெண்டு துண்டு, நடுவுல ஃபில்டர் பேப்பர், எலக்ட்ரோலைட் (மின்சாரம் கடத்துற கரைசல்) ஊத்தி சார்ஜ் போட்டேன். ஒயரை எடுத்ததும் வோல்டேஜ் படுத்துருது. எல்இடி மினுக்குன்னுகூட எரியல. திங்கட்கிழமை ரிவ்யூ. ப்ளீஸ்.

ஈயப்பத்து:
என்ன எலக்ட்ரோலைட்? எத்தனை வோல்ட்? க்ளிப் செம்பா? பத்துக்கு ஒன்பது கேஸ்ல க்ளிப்தான் வில்லன், துரு புடிச்சுக்கும்.

கடைசிபெஞ்ச்:
சோடியம் சல்ஃபேட். 3 வோல்ட். க்ளிப் புதுசுண்ணா.

பழையபுலி:
தண்ணிக் கரைசல்ல 3 வோல்ட்டா? 1.23 தாண்டினாலே தண்ணி பிரியும். பிளஸ் டூ புத்தகம் வீட்ல இருக்கா, எடைக்குப் போட்டாச்சா?

நூல்கண்டு:
திட்டுறது அப்புறம். தம்பி, துணி எங்க வாங்கின?

கடைசிபெஞ்ச்:
பைக் பேனல் செய்யறவங்ககிட்ட. 3கே ட்வில் (ஒரு இழைக்கு 3000 நார், சாய்வு நெசவு), பளபளன்னு இருக்கும்.

நூல்கண்டு:
அதான் சங்கதி. அது ரெசின் ஒட்டுறதுக்கான துணி. நார்மேல எபாக்சி பூச்சு இருக்கும், தண்ணி ஒட்டாது. கெபாசிட்டர்ல சார்ஜ் நாரோட மேற்பரப்புலதான் சேரும். பூச்சு போனாலும் 7 மைக்ரான் வழவழ நாருக்கு கிராமுக்கு 0.3 சதுர மீட்டர்தான் பரப்பு. கிராமுக்கு சில பத்து மில்லிஃபாரட் (சார்ஜ் பிடிக்கிற அளவு) தேறினா அதிகம். ஆக்டிவேட்டட் கார்பன் துணின்னு தனியா இருக்கு, அது ஆயிரம் சதுர மீட்டரைத் தாண்டும்.

மின்மினி:
ஸ்வீடன்ல சால்மர்ஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க கார்பன் நார்லயே பேட்டரி பண்ணலையா? 2021-ல கிலோவுக்கு 24 வாட்-மணி, 2024-ல 30. துணியைக் குத்தம் சொல்லாதீங்க.

நூல்கண்டு:
அங்க லித்தியம் நாருக்குள்ளயே நுழையுது. பரப்புக் கணக்கே வேற. அது பேட்டரி, இது கெபாசிட்டர்.

மின்மினி:
ரெண்டும் மின்சாரத்தைச் சேமிக்கிறதுதானே?

பழையபுலி:
தண்ணித்தொட்டியும் சோடா பாட்டிலும் ஒன்னுங்கிறீங்க.

மின்மினி:
உவமை சொல்லி எஸ்கேப் ஆகாதீங்க. அந்த பேட்டரி பாரமும் தாங்குது, விறைப்பு 70 கிகாபாஸ்கல்!

ஈயப்பத்து:
பையன் கேட்டது என்ன, நீங்க பேசுறது என்ன? தம்பி, செல்லைக் காலி பண்ணிட்டு மல்டிமீட்டர்ல ரெசிஸ்டன்ஸ் பாரு. ஓரத்துல பிரிஞ்ச நார் ஒன்னு பேப்பரைத் தாண்டி எதிர்த்துணியைத் தொட்டாலே ஷார்ட்.

கடைசிபெஞ்ச்:
ஓரத்துல நார் தொட்டுக்கிட்டுதான் இருந்துச்சுண்ணா. வெட்டிட்டேன். துணியை ராத்திரி அசிட்டோன்ல ஊறப் போட்டேன். 0.9 வோல்ட்ல சார்ஜ் பண்ணா கொஞ்ச நேரம் நிக்குது. எல்இடி மட்டும் எரியல.

பழையபுலி:
சிவப்பு எல்இடிக்கே 1.8 வோல்ட்கிட்ட வேணும். 0.9-ல எப்படிய்யா எரியும்? மூணு செல்லைத் தொடரா கோர்த்துப் பாருங்க. அதுவும் மினுக்குன்னுதான் எரியும்.

நூல்கண்டு:
கோர்த்தியா தம்பி? ரிவ்யூ என்னாச்சு?

ஈயப்பத்து:
மூணு நாளாச்சு, ஆளைக் காணோம். க்ளிப்பையும் ஒருதரம் பாத்திருக்கலாம்.