மியா அவுடினா: நெதர்லாந்துக்குப் போனதால் தங்கம் கை நழுவியதா?

மூன்றாவது கேம்:
2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் பேட்மின்டன் மகளிர் ஒற்றையர் இறுதி ஆட்டத்தை நேற்று மறுபடி பார்த்தேன். முதல் கேமை மியா 11-8 என்று எடுத்துவிட்டார். அப்புறம் சீனாவின் ஜாங் நிங்கிடம் 6-11, 7-11 என்று தோல்வி. 1996 அட்லாண்டாவில் இந்தோனேசியாவுக்காக வெள்ளி, இங்கே நெதர்லாந்துக்காக வெள்ளி. 1999இல் திருமணமாகி நெதர்லாந்துக்குப் போகாமல், ஜகார்த்தாவின் சிபாயுங் பயிற்சி முகாமிலேயே இருந்திருந்தால் ஒரு தங்கமாவது வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நெட் டிராப்:
எனக்கு உடன்பாடில்லை. இந்தோனேசியாவின் நட்சத்திரம் சூசி சுசாந்தி 90களின் இறுதியில் ஓய்வு பெற்ற பிறகு அந்த முகாமில் மகளிர் ஒற்றையருக்கு யார் இருந்தார்கள்? சிட்னியிலும் ஏதென்ஸிலும் அந்தப் பிரிவில் இந்தோனேசியாவுக்குப் பதக்கமே இல்லை. 2008இல்தான் மரியா கிறிஸ்டின் வெண்கலம் வாங்கினார். மியா அங்கே இருந்திருந்தாலும் தனி ஆளாகத்தான் நின்றிருப்பார்.

சுசாந்தி ரசிகை:
இரண்டு பேரும் 1994ஐ விட்டுவிட்டீர்களே! ஜகார்த்தாவில் ஊபர் கோப்பை (மகளிர் அணிகளுக்கான உலகப் போட்டி) இறுதி, இந்தோனேசியாவும் சீனாவும் 2-2. கடைசி ஒற்றையர் ஆட்டத்துக்கு இறங்கியது 14 வயது மியா. எதிரில் யார்? இதே ஜாங் நிங், மியாவைவிட நாலு வயது மூத்தவர். மூன்று கேம் போய் மியா ஜெயித்தார். 1975க்குப் பிறகு இந்தோனேசியாவுக்கு அந்தக் கோப்பை அன்றுதான் திரும்பக் கிடைத்தது. ஒரு சின்னப் பெண்ணின் தோளில் அவ்வளவு பாரம்! எனக்கு இன்றும் அதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கும்.

பத்து வருடம் கழித்து அதே இருவர் ஒலிம்பிக் இறுதியில். மியாவின் ஆட்டம் குறையவில்லை, ஜாங் நிங்தான் வளர்ந்திருந்தார். 29 வயதில் முதல் தங்கம், 33 வயதில் பெய்ஜிங்கில் இன்னொன்று. அதற்கு மியாவின் திருமணத்தைக் குறை சொல்வது நியாயமா?

மூன்றாவது கேம்:
திருமணத்தைக் குறை சொல்லவில்லை அம்மா. ஜாங் நிங் அப்படி வளர்ந்ததே என் வாதத்துக்குத்தான் பலம். ஏதென்ஸ் அரையிறுதியில் நாலு பேரில் மூன்று பேர் சீனர்கள். சீனப் பயிற்சியில் உலகத் தரமான ஆட்டக்காரர்கள் தினமும் வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார்கள். அப்போதிருந்த பழைய கணக்குப்படி சர்வீஸ் போடுபவருக்கு மட்டும்தான் புள்ளி. நீண்ட ராலி ஆடி ஜெயித்தாலும் பல நேரம் சர்வீஸ் மட்டுமே கைமாறும், புள்ளி ஏறாது. அந்த முறையில் மூன்றாவது கேம் வரை தாங்க, தினசரி கடும் பயிற்சி வேண்டும். மியாவுக்கு அது கிடைக்கவில்லை.

நெட் டிராப்:
அப்படியானால் அட்லாண்டாவை என்ன சொல்வீர்கள்? அப்போது சூசி அதே அணியில் இருந்தார், முகாம் உச்சத்தில் இருந்தது. அரையிறுதியில் சூசியை வென்ற கொரியாவின் பாங் சூ ஹியூன், இறுதியில் மியாவையும் 11-6, 11-7 என்று நேர் கேம்களில் முடித்தார். நெதர்லாந்துக்கு ஆடியபோதோ மியா ஒரு கேமாவது எடுத்தார்.

இன்னொன்றும் உண்டு. ஒலிம்பிக் பேட்மின்டனில் நெதர்லாந்துக்கு இதுவரை கிடைத்த ஒரே பதக்கம் அந்த ஏதென்ஸ் வெள்ளி. 2006 ஊபர் கோப்பையில் மியாவும், சீனாவில் பிறந்து நெதர்லாந்துக்கு ஆடிய யாவ் ஜியேயும் இருந்த அணி இறுதி வரை போனது. சீனாவிடம் 0-3 தோல்விதான், ஆனாலும் அந்த இடத்துக்கு நெதர்லாந்து வரும் என்று 1999இல் யார் நினைத்திருப்பார்கள்?

மூன்றாவது கேம்:
அட்லாண்டாவில் அவருக்கு 17கூட நிறையவில்லை. அதை ஏதென்ஸோடு ஒப்பிடுவதை ஏற்க மாட்டேன். நெதர்லாந்து அணிக்கு அவர் செய்தது பெரியது, அதைச் சரி என்று ஒப்புக்கொள்கிறேன். என் வருத்தம் அவருடைய முடிவைப் பற்றியதல்ல, அந்த 7-11 பற்றியது.

சுசாந்தி ரசிகை:
அந்த வருத்தம் எனக்கும் உண்டு. 2006இல் மியா ஓய்வு பெற்றார், அதே வருடம்தான் ஒவ்வொரு ராலிக்கும் புள்ளி தரும் 21 புள்ளி முறை வந்தது. இன்று வேலை முடிந்ததும் 1994 ஆட்டத்தைத்தான் மறுபடி பார்க்கப் போகிறேன்.