கயாக் குழு குறித்த நேரத்துக்குள் கரை திரும்பாவிட்டால்?

நெய்தல்:
வணக்கம். கோவளம் கடலில் எங்கள் கல்லூரி மாணவர்களைக் கயாக் (துடுப்பால் செலுத்தும் சிறு படகு) பயிற்சிக்கு அழைத்துச் செல்ல இருக்கிறோம். உயிர்காப்பு அங்கி, விசில், இழுவைக் கயிறு ஆகியவற்றை ஏற்பாடு செய்துவிட்டோம். பயிற்றுநர்கள் இருவர் உடன் வருகிறார்கள். இவற்றுக்கு மேல் அவசரகாலத் திட்டத்தில் எதைச் சேர்க்க வேண்டும்? நடந்த விபத்துகளிலிருந்து அறிந்தவற்றைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

துடுப்பு:
நீங்கள் குறிப்பிட்டவை எல்லாம் கடலில் இருப்பவர்களுக்கானவை. கரையில் யார் காத்திருக்கப் போகிறார் என்பதை நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுவே பெரிய கவலை. 1993 மார்ச் 22 அன்று இங்கிலாந்தின் லைம் ரீஜிஸிலிருந்து அருகிலுள்ள சார்மவுத்துக்குப் பள்ளி மாணவர்கள் எட்டுப் பேரும் ஓர் ஆசிரியரும் இரண்டு பயிற்றுநர்களும் கயாக்கில் புறப்பட்டார்கள். ஆசிரியரின் கயாக் மீண்டும் மீண்டும் கவிழ்ந்ததால் ஒரு பயிற்றுநர் அவரோடு நின்றுவிட, மற்றவர் மாணவர்களின் கயாக்குகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கச் செய்தார். தரையிலிருந்து வீசிய காற்று அவர்களை அப்படியே கடலுக்குள் தள்ளிச் சென்றது. உதவி கோரும் ஒளிச்சுடர்கள் அவர்களிடம் இல்லை. நண்பகல் வாக்கில் வந்திருக்க வேண்டியவர்களைப் பற்றிக் கடலோரக் காவலுக்குச் செய்தி போனது பிற்பகல் மூன்று மணிக்கும் பிறகுதான். குளிர்ந்த நீரில் கிடந்து மாணவர் நால்வர் இறந்தனர்.

பயிற்சி மையத்தின் பாதுகாப்புக் குறைகளை முன்னாள் பயிற்றுநர்கள் இருவர் அதற்கு முன்பே கடிதத்தில் எழுதி எச்சரித்திருந்தார்கள் என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது. அம்மையத்தை நடத்திய நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சிறைக்குச் சென்றார். இத்தகைய மையங்களுக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 1995இல் அங்கே நிறைவேறியது.

கரைவலை:
நம் கடல் அவ்வளவு குளிர்வதில்லை என்று ஆறுதல் கொள்ள வேண்டாம், ஏனெனில் காற்றின் வேலை இங்கும் அதுவே. கச்சான் (தரையிலிருந்து கடல் நோக்கி வீசும் மேற்குக் காற்று) வீசும் காலையில் கரையோரத் தண்ணீர் சலனமின்றி இருப்பதால் புதியவர்கள் ஏமாந்து வெளியே போய்விடுகிறார்கள். திரும்பும்போதுதான் எதிர்காற்று தெரிகிறது. புறப்படும் முன் உள்ளூர் மீனவரிடம் காற்றைப் பற்றிக் கேளுங்கள்.

நாங்கள் ஒருமுறை ஒத்திகை பார்த்தபோது, நீர்புகா உறைக்குள் இருந்த கைப்பேசியின் திரை உப்புநீர் பட்ட விரலுக்கு இணங்கவே இல்லை. அழைப்பு ஒருவழியாகப் போனபோதும், கரையில் எடுத்தவருக்கு நாங்கள் இருந்த இடத்தைத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. படகு கைவிட்டுப் போனாலும் கைப்பேசி இருக்கும்படி உறையைப் படகில் கட்டாமல் உடம்பில் அணியுங்கள். திரை இணங்காதபோது உதவ, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி அவசர அழைப்பு செய்யும் வசதியை முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்.

நெய்தல்:
இருவருக்கும் நன்றி. திரும்பும் நேரத்தை எழுதி, கடலில் இறங்காத ஒருவரிடம் கொடுக்கிறோம். அந்த நேரம் கடந்து அரைமணியாகியும் தகவல் இல்லாவிட்டால், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் அவர் கடலோரக் காவல்படையின் 1554க்கோ கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093க்கோ அழைக்கலாமா?

துடுப்பு:
அழைக்கலாம், ஆனால் அரைமணியும் அதிகம். கரையிலிருந்து கடல் நோக்கிக் காற்று வீசும் நாளில் பத்து நிமிடம் போதும். அழைத்த பிறகு பிள்ளைகள் பத்திரமாக வந்துவிட்டால், வந்துவிட்டார்கள் என்று மறுபடியும் அழைத்துச் சொல்லிவிடுங்கள்.