என்.ஐ.சி.யூ. ரிப்போர்ட் நகல் வாங்கியவர்கள் வழி சொல்லுங்கள்

பெங்களூரு தமிழ் நண்பர்களுக்கு வணக்கம். ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட என் தங்கையின் குழந்தை இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறது. நர்சுகள் அன்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள், அதில் குறையே இல்லை. ஆனால் ரிப்போர்ட் கேட்டால், "டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்லாம் வரும்" என்கிறார்கள். டாக்டர் காலையில் அவசரமாகச் சொல்வதில் பாதிதான் தங்கை மனதில் நிற்கிறது. பெற்றவள் பதற்றம் அப்படி. மஞ்சள்காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவு இறங்கியதா, கல்ச்சர் என்ற கிருமிப் பரிசோதனையில் கிருமி வந்ததா, தலை ஸ்கேன் எப்படி இருக்கிறது என்று எழுத்தில் இருந்தால் இரவு நிதானமாகப் படித்து, மறுநாள் சரியான கேள்வி கேட்கலாம். குறைமாதக் குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை முடிய வேண்டும். அதைக்கூட வாய்வார்த்தையாகவே தெரிந்துகொள்கிறோம்.

2002 மருத்துவ கவுன்சில் விதிப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனமோ, அட்மிட்டில் இருக்கும்போது 24 மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது என்கிறது. என்னைக் கேட்டால் பச்சிளங்குழந்தை விஷயத்தில் அதுவே தாமதம்தான்.

இங்கே யாராவது அன்றன்றைக்கே நகல் வாங்கியிருக்கிறீர்களா? கடிதத்தை மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் கொடுத்தீர்களா, சூப்பிரண்டெண்டிடமா? டாக்டர்கள் மனம் கோணாமல் எப்படிக் கேட்டீர்கள்? கடிதத்தைக் கன்னடத்தில் எழுதித் தர முடிந்தவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.