ஃப்ளூகோனசோல் மட்டும் போதுமா? எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு வரும் கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல்

கேள்வி:
இரத்தத்தில் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கழிவுப்பொருள்) அளவுகளை அன்றாடம் பார்க்க வசதியில்லாத மருத்துவமனைகளில், ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி ஊசிமருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுமோ என்ற அச்சத்தால், பூஞ்சையால் வரும் இந்நோய்க்கு ஃப்ளூகோனசோல் மாத்திரையை மட்டுமே கொடுக்கிறார்கள். இது ஏற்கத்தக்கதா?

பதில் 1:
இல்லை. ஃப்ளூகோனசோல் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்குமே தவிர, அதை விரைந்து கொல்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் முதல் தேர்வாகப் பரிந்துரைத்த முறையில், லிப்போசோமல் ஆம்போடெரிசினை (கொழுப்புத் துகள்களில் பொதிந்த வகை) உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரே ஒரு முறை செலுத்தி, அதனுடன் 14 நாள்களுக்கு ஃப்ளூசைட்டோசின் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தும் நாளொன்றுக்கு 1200 மி.கி. ஃப்ளூகோனசோலும் வாய்வழி தருகிறார்கள். ஆப்பிரிக்காவின் ஐந்து நாடுகளில் நடந்த ஆம்பிஷன் ஆய்வில், பழைய ஆம்போடெரிசினை ஏழு நாள் செலுத்தும் முறையைவிட இதில் இறப்பு கூடவில்லை. இரத்தசோகை முதலான கடும் பக்கவிளைவுகளும் குறைந்தன. உங்கள் அச்சத்திற்கு இதுவே நேரடியான விடை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. லிப்போசோமல் வகை கிடைக்காத இடத்தில்?

பதில் 2:
பழைய ஆம்போடெரிசினை ஃப்ளூசைட்டோசினுடன் ஒரு வாரம் மட்டும் தரலாம். செலுத்துமுன் உப்புநீர் ஏற்றுவதும், பொட்டாசியம் ஈடுசெய்வதும் கட்டாயம். அதுவும் இயலாதெனில், ஃப்ளூசைட்டோசினும் ஃப்ளூகோனசோலும் சேர்ந்த இரண்டு வார மாத்திரை முறை உண்டு. ஃப்ளூசைட்டோசின் எலும்பு மஜ்ஜையை ஒடுக்கக்கூடியது என்பதால் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் கவனிக்க வேண்டும்.

பதில் 3:
மருந்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். மண்டைக்குள் ஏறும் அழுத்தத்தை மறந்துவிடக் கூடாது. தண்டுவட நீரின் அழுத்தம் 25 செ.மீ. நீர்மட்டத்துக்கு மேல் இருந்தால், அது 20-க்குக் கீழோ தொடக்க அளவில் பாதியாகவோ குறையும்வரை நீரை எடுத்துவிட்டு, தலைவலியோ பார்வைக் குறைவோ நீடிக்கும்வரை அன்றாடம் அதைத் திரும்பச் செய்ய வேண்டும். அழுத்தமானி இல்லையென்றால், கிருமி நீக்கிய சலைன் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து அளவுகோலால் அளக்கலாம். பெரிய செலவில்லாத இச்சிகிச்சை பல இடங்களில் செய்யப்படாமல் போவதுதான் வருத்தம். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து இதற்கு மாற்றாகாது. ஆய்வில் அது தீங்கையே விளைவித்தது.

பதில் 4:
எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்துகளை உடனே தொடங்கும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். பூஞ்சைச் சிகிச்சை தொடங்கி நான்கு முதல் ஆறு வாரங்கள் கழித்தே அவற்றைத் தொடங்குவது பாதுகாப்பானது. முந்தினால் இறப்பு கூடுவதைக் கோட் (COAT) என்ற ஆய்வு காட்டியது. இதற்கிடையே முதல் இரண்டு வாரங்களுக்குப் பின் ஃப்ளூகோனசோலை எட்டு வாரங்களுக்கு நாளொன்றுக்கு 800 மி.கி., அதன்பின் 200 மி.கி. எனத் தொடர வேண்டும்.