போன் (எலும்பு) ஸ்கேனில் பாதி பாதம் கறுப்பு, கிருமி ஒரே எலும்பில்

அப்பாவைக் கவனித்துக்கொள்ளும் மகள்:

அப்பாவுக்கு உள்ளங்காலில், பெருவிரலுக்கு நேர் கீழே ஆறாத புண். டாக்டர் மழுங்கிய கம்பி ஒன்றைப் புண்ணுக்குள் மெல்ல விட்டார். கெட்டியாக ஏதோ தட்டியது. அப்பா முகம் சுளிக்கவே இல்லை, எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. கம்பி எலும்பில் தட்டினால் உள்ளே கிருமி இருக்க வாய்ப்பு அதிகமாம். ஆனால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. எலும்பு அரிக்க ஆரம்பித்து இரண்டு மூன்று வாரமாவது போனால்தான் அதில் தெரியும் என்றார்கள். அடுத்து எம்ஆர்ஐ எடுப்பதுதான் வழக்கம். அப்பாவுக்கு இருப்பதோ அதற்கு ஒத்துவராத பழைய பேஸ்மேக்கர்.

அதனால் போன் ஸ்கேன். டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்ந்த மருந்தை ஊசியில் ஏற்றும்போதே ஒரு படம், சில நிமிடத்தில் ஒன்று, மூன்று மணி நேரம் கழித்து இன்னொன்று. கடைசிப் படத்தில் பெருவிரல் அடியிலிருந்து நடுப்பாதம் வரை ஒரே கறுப்பு. அதைப் பார்த்தவர் பாதி பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று சட்டென்று சொல்லிவிட்டார். ஒரு படத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்லலாமா என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

வேறு டாக்டரிடம் காட்டினோம். எலும்பு எங்கெல்லாம் பழுதாகித் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்கிறதோ அங்கெல்லாம் அந்த மருந்து போய்ச் சேரும், காரணம் கிருமியா, முறிவா, சார்க்கோ பாதமா (உணர்வு மரத்துப்போன பாதத்தில் எலும்பும் மூட்டும் குலைந்துபோவது) என்று அது பிரித்துச் சொல்லாது என்றார். நடுப்பாதத்தில் வீக்கமும் சூடும் இருந்ததே தவிர புண் இல்லை. அதனால் வெள்ளை அணு ஸ்கேன் எழுதிக்கொடுத்தார்.

அப்பாவின் ரத்தத்தைப் பெரிய சிரிஞ்சில் எடுத்துக்கொண்டு போய், வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்துக் கதிரியக்கப் பொருளை ஏற்றி, மறுபடி அவர் உடம்புக்கே செலுத்தினார்கள். அன்றைக்கும் மறுநாளும் படம். சிடி ஸ்கேனோடு சேர்த்துப் பார்த்தபோது புள்ளி ஒரே இடத்தில்தான் இருந்தது, புண்ணுக்கு நேர் மேலே உள்ள எலும்பின் தலையில். நடுப்பாதத்தில் இருந்தது சார்க்கோ. அந்த எலும்புத் தலையை மட்டும் எடுத்துப் பயாப்சிக்கு அனுப்பினார்கள், கிருமி வளர்ந்தது. பாதம் தப்பியது.

நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட் (இந்தக் கதிரியக்க ஸ்கேன்களை எடுப்பவர்):

அம்மா, அந்தச் சிரிஞ்சைத் திரும்பக் கொண்டுவரும்போது அப்பாவின் பெயரை மறுபடி மறுபடி கேட்டிருப்பார்களே? சிலர் எரிச்சல்படுவார்கள். ஒருவர் ரத்தம் இன்னொருவருக்குப் போய்விடக் கூடாதே, அந்த ஒரு விஷயத்தில்தான் எங்களுக்கு ரொம்பப் பயம்.

கிருமி இருந்தால் வெள்ளை அணுக்கள் நேரம் ஆக ஆக அங்கே இன்னும் சேரும், அதனால்தான் தாமதப் படம். ஆனால் சார்க்கோ பாதத்தில் எலும்பு மஜ்ஜை உயிர்பெற்றிருந்தால் அங்கேயும் வெள்ளை அணு தங்கும். சந்தேகம் வந்தால் மஜ்ஜையை மட்டும் காட்டும் சல்பர் கொலாய்டு ஸ்கேனும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இரண்டிலும் ஒரே இடம் தெரிந்தால் மஜ்ஜை. வெள்ளை அணுவில் மட்டும் தெரிந்தால் கிருமி.

சர்க்கரை நோயாளி:

எனக்கு எஃப்டிஜி பெட் சிடி எடுத்தார்கள், கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை மாதிரி மருந்தை ஊசியில் போட்டு எடுக்கும் ஸ்கேன். ரத்தமெல்லாம் எடுக்கவில்லை, ஊசி போட்டு ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கச் சொன்னதோடு சரி. தொல்லை இன்சுலின்தான். வெறும் வயிற்றில் வரணும், சர்க்கரையும் ஏறியிருக்கக் கூடாது. அதற்காக இன்சுலினைப் போட்டுக்கொண்டு நேரே போனாலும் மருந்து தசைக்குப் போய்விடுமாம். நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டெக்னீசியம் ஊசி போட்டவர் பேரக்குழந்தையைத் தூக்கலாமா?

டெக்னாலஜிஸ்ட்:

அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தள்ளி இருங்கள் ஐயா. டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும், நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீரிலும் வெளியேறும். வெள்ளை அணுவில் இண்டியம் என்ற வேறு கதிரியக்கப் பொருளை ஏற்றியிருந்தால் அது பாதியாகவே கிட்டத்தட்ட 2.8 நாள் பிடிக்கும், அதற்குத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. காலுக்கு ரத்த ஓட்டம் ரொம்பக் குறைவாக இருந்தாலோ, ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருந்தாலோ கிருமி இருந்தும் படம் வெறுமையாக வரலாம். என்ன மாத்திரை, எப்போதிலிருந்து என்று ஊசி போடும் முன்பே எங்களிடம் சொல்லிவிடுங்கள். சீட்டில் எழுதியிருக்கும் என்று விட்டுவிடாதீர்கள், பல சீட்டில் இருப்பதில்லை.