காணாமல் போனவர் வழக்கு: ஸ்டேஷனை நம்பிக் காத்திருப்பதா, மதுரைக் கிளைக்குப் போவதா?

வைகை வடகரை:
என் சித்தப்பா காணாமல் போய் இது நான்காவது வருடம். மாட்டுத்தாவணிப் பக்கம் சரக்கு எடுக்கப் போனவர் திரும்பவில்லை. எங்கள் வீடு புறநகர் எல்லை, அவரைக் கடைசியாகப் பார்த்த இடம் மாநகர் எல்லை. இரண்டு ஸ்டேஷனும் எங்களை மாற்றி மாற்றி அனுப்பி, வழக்குப் பதிவதற்குள் கடைகளின் கேமராப் பதிவு அழிந்துவிட்டது. இப்போது போய்க் கேட்டாலும் "தேடிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்ற பதில்தான். இனி யார் வீட்டில் இப்படி நடந்தாலும் ஸ்டேஷன் வாசலில் நிற்காமல் நேராக உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போட்டுவிட வேண்டும் என்கிறேன். மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஏட்டு:
தம்பி, நான் மறுக்கிறேன். காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நான் பார்த்தவரை காணவில்லை என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் ஆள் தானாகவே வந்துவிடும். வீட்டில் சண்டை, கடன், பரீட்சையில் ஃபெயில், இப்படி ஏதோ ஒன்று இருக்கும். வயது வந்த ஒருவர் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போவது குற்றமே கிடையாது. சித்திரைத் திருவிழா பந்தோபஸ்து, கோர்ட் டூட்டி, அடிதடி வழக்கு எல்லாவற்றுக்கும் அதே ஆட்கள்தான் என்பதையும் பாருங்கள். இன்னொன்று, கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். முதல் நாள் வீட்டார் முழுசாகச் சொல்வதில்லை. கந்துவட்டி, வேறு தொடர்பு, சொத்துத் தகராறு எல்லாவற்றையும் மானம் போய்விடும் என்று மறைப்பார்கள். ஒரு மாதம் கழித்து வேறு யாரோ சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவரும். அதற்குள் தேட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடியிருப்போம்.

உசிலம்பட்டிக்காரி:
ஏட்டு ஐயா, "தானாக வந்துவிடும்" என்ற அந்த நினைப்புதான் குடும்பங்களைக் கொல்கிறது. எங்கள் தெருவில் பதினாறு வயதுப் பெண்ணைக் காணோம் என்று போனபோது, "யார் கூடயாவது போயிருக்கும், ரெண்டு நாள் பாருங்க" என்றார்கள். குழந்தை காணாமல் போனால் அது கடத்தல் என்றே எடுத்துக்கொண்டு எஃப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதமே சொல்லிவிட்டது. நான்கு மாதத்தில் கிடைக்காவிட்டால் ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பதும் இருக்கிறது. அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லை. கூலி வேலையை விட்டுவிட்டு அவர் தினமும் ஸ்டேஷனுக்கு நடந்தார். திரும்பி வருபவர்களை வைத்து வராதவர்களை எடை போடாதீர்கள்.

பழைய ஏட்டு:
குழந்தை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி அம்மா, அதில் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. நான் பேசியது பெரியவர்களைப் பற்றி.

மேலூர் வழக்கறிஞர்:
வடகரைத் தம்பி சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆட்கொணர்வு மனு என்பது ஒருவரை யாரோ சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார் என்று சந்தேகிக்க அடிப்படை இருந்தால் போடுவது. ஆளைக் காணோம் என்பதற்காக மட்டும் போட்டால், போலீஸிடம் ஒரு நிலை அறிக்கை வாங்கிக்கொண்டு மனுவை முடித்துவிட வாய்ப்பு அதிகம். பெரியவர்கள் விஷயத்தில் செய்ய வேண்டியது வேறு. முதலில் ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் வாங்கிக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு) நிற்காமல் 'ஆண் காணவில்லை' என்றாவது எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். குற்றம் நடந்ததாகச் சந்தேகம் இருந்தால் அதைப் புகாரில் எழுதுங்கள். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்பது லலிதா குமாரி வழக்கின் 2013 தீர்ப்பு. எல்லைத் தகராறுக்கும் இப்போது இடமில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-வது பிரிவில், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதியலாம் என்று இருக்கிறது. மறுத்தால் எஸ்.பி.க்கு, அல்லது மாநகர் என்றால் கமிஷனருக்கு, எழுத்தில் அனுப்ப வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்.

வைகை வடகரை:
சட்டம் சரிதான் அண்ணே. ஆனால் 2019 பிப்ரவரியில் சமூகச் செயற்பாட்டாளர் முகிலன் எழும்பூரில் இருந்து மதுரைக்கு ரயில் ஏறப் போய்க் காணாமல் போனாரே, அதில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதானே சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது? ஜூலையில் திருப்பதியில் உயிரோடு கிடைத்தார்.

பழைய ஏட்டு:
அவருக்காகத் தெருவில் இறங்க இயக்கங்கள் இருந்தன, பத்திரிகைகள் எழுதின. உங்கள் சித்தப்பாவுக்கு யார் இருக்கிறார்கள்? கோர்ட் கேட்டால் அதிகாரி பதில் மனு தயாரிக்கவே ஒரு வாரம் போகும். அந்த ஒரு வாரம் தேடலில் இருந்துதான் கழியும்.

உசிலம்பட்டிக்காரி:
இயக்கம் இல்லாதவனுக்குத் தேடல் இல்லை என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்களே ஐயா! அதைத்தானே நாங்கள் அநியாயம் என்கிறோம்.

மேலூர் வழக்கறிஞர்:
யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். மதுரையில் காணாமல் போனவர் திண்டுக்கல் தண்டவாளத்தில் கிடந்தால் அது ரயில்வே போலீஸின் 'அடையாளம் தெரியாத உடல்' வழக்கு. இங்கே காணவில்லை வழக்கு, அங்கே சந்தேக மரண வழக்கு. இரண்டையும் யாராவது உட்கார்ந்து ஒப்பிட்டால்தான் சேரும். ஒப்பிடாவிட்டால் வீட்டார் போட்டோவைத் தூக்கிக்கொண்டு ராஜாஜி ஆஸ்பத்திரி பிணவறையில் இருந்து ஊர் ஊராக அலைய வேண்டியதுதான். உரிமை கோர யாரும் வராத உடலைப் புதைத்துவிடுவார்கள். புதைப்பதற்கு முன் டி.என்.ஏ. மாதிரி எடுத்து, காணாமல் போனவர்களின் ரத்த உறவுகளோடு ஒப்பிட நாடு முழுவதற்கும் ஒரு வங்கி வேண்டும். அதற்கு 2019-ல் மக்களவையில் கொண்டுவந்த மசோதாவை 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அந்தரங்கம் பற்றி எழுந்த கேள்விகள் நியாயமானவை. அவற்றைச் சரிசெய்து மறுபடி கொண்டுவந்திருக்கலாம்.

பழைய ஏட்டு:
இதில் வக்கீல் சார் பக்கம்தான் நான். நான் புதைத்த உடல்களில் எத்தனை பேரை வீட்டில் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்களோ!

வைகை வடகரை:
ஐயா, எங்கள் சித்தி இன்னும் தாலியைக் கழற்றவில்லை. வீட்டுப் பட்டா சித்தப்பா பெயரில். ஏழு வருடம் தகவல் இல்லை என்றால்தான் இறந்ததாகக் கருதச் சட்டம் இடம் கொடுக்கும், அதற்கும் கோர்ட்டுக்கு அலைய வேண்டும். கண்டுபிடித்துக் கொடு என்றுகூட நாங்கள் இப்போது கேட்கவில்லை. யாரை விசாரித்தீர்கள், போன் விவரம் வாங்கினீர்களா, எந்த ஊர் பிணவறையில் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்கிறோம்.

மேலூர் வழக்கறிஞர்:
அதைக் கேட்க உரிமை உண்டு. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 193-வது பிரிவு சொல்கிறது. அதைக் காட்டி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். போன் அழைப்பு விவரத்தை நிறுவனங்கள் 2 வருடம் வைத்திருந்தாலே போதும். உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிவிட்டது. ஆகவே அப்போது வாங்கி வைத்தார்களா என்பதை முதல் கேள்வியாகப் போடுங்கள்.

பழைய ஏட்டு:
மனுவில் இன்னொன்றும் சேருங்கள் தம்பி. சித்தப்பாவுக்குக் கடன் இருந்ததா, யாரோடு பகை என்று அப்போது சொல்லாமல் விட்டது எதுவானாலும் இப்போது எழுதுங்கள். கோர்ட்டுக்குப் போவதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனால் 90 நாள் கணக்கைக் கேட்பதில் தவறே இல்லை.

வைகை வடகரை:
கடன் இருந்தது ஐயா, அதை அன்றே சொன்னோம். கொடுத்தவரை விசாரித்தார்களா என்பதுதான் தெரியவில்லை. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். பதில் வராவிட்டால் மதுரைக் கிளைக்குத்தான் போவேன், அதில் மாற்றமில்லை.