கால்வாய்க் கல் வளைவுப் பாலத்தில் விரிசல்: சிமெண்ட் வைத்து அடைக்கலாமா?

கால்வாய்க்கரை: எங்கள் கால்வாய் மேல் பழைய ஒற்றை வளைவுக் கல் பாலம் ஒன்று. வளைவின் அடியில், வெளி விளிம்பிலிருந்து அரை மீட்டர் உள்ளே, சாலை போகும் திசையிலேயே நீளமாக ஒரு விரிசல். கற்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் சாந்து உதிர்கிறது, வெள்ளைப் படிவும் வழிகிறது. சிமெண்ட் கலவை வைத்து அடைத்தால் போதுமா?

உச்சிக்கல்: அடைப்பதற்கு முன் விரிசலின் திசையைப் பாருங்கள். நீங்கள் சொல்வது பக்கச் சுவரின் (வளைவின் விளிம்பில் எழும்பி, மேலே நிரப்பிய மண்ணைத் தாங்கும் சுவர்) உள்விளிம்புக்கு நேர் கீழே வருகிறது. மேலே நிரப்பிய மண் தண்ணீர் குடித்து, வண்டிப் பாரமும் சேர்ந்து, சுவரை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். விரிசல் சாலைக்குக் குறுக்கே ஓடினால் கரைத் தூண், அதாவது வளைவின் முனையைக் கரையில் தாங்கும் கட்டு, நகர்ந்திருக்கலாம். சாய்வாக ஓடினால் தூணின் ஒரு முனை இறங்கியிருக்கும்; அதுதான் எனக்குப் பயம் தருவது.

விரிசலின் இரண்டு பக்கமும் ஆணி பதித்து, இடைவெளியை மாதம் ஒருமுறை வெர்னியரால் (நுட்பமாக அளக்கும் அளவுகோல்) அளந்து எழுதுங்கள். வெயிலுக்கும் குளிருக்கும் விரிசல் தானே திறந்து மூடும், அதனால் ஒரு வருடக் கணக்கு இல்லாமல் முடிவு சொல்ல முடியாது. சுவர் தொடர்ந்து நகர்ந்தால் குறுக்கே இரும்புக் கம்பி ஓட்டி, வெளியே தகடு வைத்து முடுக்குவார்கள். சுவரைப் பழைய இடத்துக்கு இழுக்க முயலக் கூடாது, நிற்கும் இடத்தில் பிடித்தால் போதும்.

சுண்ணாம்புக்காரை: சிமெண்ட் வேண்டவே வேண்டாம். அது பழைய சுண்ணாம்புச் சாந்தைவிடக் கடினம், ஈரத்தையும் வெளியே விடாது. ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கும், கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். வெள்ளைப் படிவு பழைய சுண்ணாம்பு கரைந்து வருவது. மேலே தண்ணீர் இறங்குகிறது. முதலில் சாலைத் தளத்தையும் வடிகாலையும் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் கீழே செய்யும் வேலை வீண்.

பிறகு பாயிண்டிங், அதாவது சந்திலுள்ள பழைய சாந்தைச் சுரண்டிப் புதிதாக நிரப்புவது. உளியால் கையால்தான் சுரண்ட வேண்டும். கிரைண்டர் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். ஆழம் சந்தின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு, குறைந்தது 25 மி.மீ. வளைவின் அடியில் ஒரே நேரத்தில் நிறையச் சுரண்டாதீர்கள், கல் தளர்ந்து இறங்கும். ஒரு மீட்டர் சுரண்டு, நிரப்பு, அடுத்ததுக்குப் போ. கழுவி ஈரப்படுத்தி, ஹைட்ராலிக் சுண்ணாம்பு (ஈரத்திலும் இறுகும் வகை) 1 பங்கு, கூர்மணல் (சொரசொரப்பான மணல்) 2.5 பங்கு, கெட்டியாகப் பிசைந்து திணியுங்கள். ஆழமான பொந்தில் கல் சில்லு செருகி அடுக்கடுக்காக. ஒரு வாரம் ஈரச் சாக்கு மூடியிருக்கட்டும். 5 டிகிரிக்குக் கீழே குளிர் இருந்தால் தொடாதீர்கள்.

களிமண்அடி: ஒன்று விட்டுப்போச்சு. அடியில் மிதித்த களிமண் பூசிய கால்வாய் என்றால் சாரக் கம்பை ஊன்றாதீர்கள், பூச்சு துளைந்து தண்ணீர் கசியும். மிதவை மேல் நின்று செய்யுங்கள். சந்துக்குள் வௌவால் தங்கியிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மூலைக்கற்களில் வழுவழுப்பாகப் பள்ளம் இருந்தால் அது சேதமல்ல, குதிரைகள் படகு இழுத்த காலத்துக் கயிற்றுத் தடம். தயவுசெய்து அதைப் பூசி மறைத்துவிடாதீர்கள்!

கால்வாய்க்கரை: பள்ளம் இருக்கிறது, தொட மாட்டோம். ஆணி முதலில்.